குழந்தைகளுக்கான தொண்டு நிறுவனத்தில் புரபோசலும் ரிப்போர்ட்டும் எழுதுவது எப்படி? ஒரு முழுமையான வழிகாட்டி

நிதி கேட்டு எழுதும் புரபோசலும் நிதி வந்தபின் அனுப்பும் ரிப்போர்ட்டும் வெவ்வேறு வேலைகள் என்றுதான் பல தொண்டு நிறுவனங்களில் நினைக்கிறார்கள். புரபோசலை நிர்வாக அறங்காவலர் எழுதுவார், அல்லது வெளியிலிருந்து ஒருவரை அமர்த்தி எழுதவைப்பார். ஒரு வருடம் கழித்து ரிப்போர்ட் எழுதும் பொறுப்பு ஒருங்கிணைப்பாளர் தலையில் விழும். புரபோசலைத் திறந்து பார்க்கும்போதுதான், "80 சதவீதக் குழந்தைகளின் தன்னம்பிக்கை உயரும்" என்று வாக்குக் கொடுத்திருப்பது அவருக்குத் தெரியவரும். தன்னம்பிக்கையை யாரும் அளக்கவில்லை. அதை அளக்க ஒரு பதிவேடும் இல்லை. இல்லாத எண்களை எழுதும் பழக்கம் இங்கேதான் தொடங்குகிறது.

அதனால் நான் யாருக்குச் சொல்லிக்கொடுத்தாலும் வரிசையைத் திருப்பிப் போடச் சொல்வேன். வருடக் கடைசியில் அனுப்பப்போகும் ரிப்போர்ட்டின் வெற்று அட்டவணையை முதலில் வரையுங்கள். அதில் எந்தக் கட்டத்தை எந்தப் பதிவேட்டைப் பார்த்து நிரப்புவோம் என்று களத்தில் வேலை செய்பவர்களோடு உட்கார்ந்து முடிவு செய்யுங்கள். நிரப்ப வழியில்லாத கட்டத்தை அடித்துவிடுங்கள். மிஞ்சி நிற்பதைத்தான் புரபோசலில் வாக்காகக் கொடுக்கலாம்.

ஒரே எடுத்துக்காட்டை வைத்துக்கொண்டு விளக்குகிறேன். திருவள்ளூர் மாவட்டத்துச் செங்கல் சூளைகளை எடுத்துக்கொள்வோம். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்ததும், டிசம்பர் ஜனவரி வாக்கில், குடும்பங்கள் முன்பணம் வாங்கிக்கொண்டு சூளைக்கு வந்து சேரும். ஒடிசாவின் பலாங்கீர், நுவாபடா பக்கத்திலிருந்தும், நம் திருவண்ணாமலை, விழுப்புரம் பக்கத்திலிருந்தும் வருவார்கள். இருளர் குடும்பங்களும் உண்டு. ஜூன் வரை அங்கேயே தங்குவார்கள். கூலி ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று கணக்கு. விடியுமுன்பே கல் அறுக்கத் தொடங்குவார்கள், காயும் கல்லைப் பிள்ளைகள் புரட்டிப் போடுவார்கள். இங்கே நான்கு சூளைகளில் 120 குழந்தைகளுக்குப் படிப்பு மையம் நடத்த ஒரு சிறிய அறக்கட்டளை நிதி கேட்கிறது என்று வைத்துக்கொள்வோம். சூளையின் நடைமுறை உண்மையானது. அறக்கட்டளையும் அதன் எண்களும் விளக்கத்துக்காக நான் அமைத்தவை.

முதல் படி: பணம் எந்த வழியில் வருகிறது?

எழுத உட்காருமுன் நன்கொடையாளர் எந்தச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவர் என்று தெரிந்திருக்க வேண்டும். அவர் ஏன் இத்தனை கேள்வி கேட்கிறார், ஏன் மார்ச் மாதத்தில் விடாமல் போன் செய்கிறார் என்பதெல்லாம் அப்போதுதான் புரியும்.

கம்பெனிகள் சமூகப் பொறுப்புக்காகச் செலவிடும் சிஎஸ்ஆர் நிதி, 2013ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம் பிரிவு 135இன் கீழ் வருகிறது. நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி ரூபாய் என்ற மூன்றில் ஏதாவது ஒன்றை எட்டிய கம்பெனி, முந்தைய மூன்று ஆண்டு சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் செலவிட வேண்டும். அந்தப் பணத்தை வாங்க உங்கள் அறக்கட்டளைக்கு 1961ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டத்தின் 12ஏ, 80ஜி பதிவுகளும் (முதலாவது அறக்கட்டளையின் வருமானத்துக்கும் இரண்டாவது நன்கொடையாளருக்கும் வரிச்சலுகை தருவது), 2021 ஏப்ரல் முதல் கட்டாயமாகியுள்ள, கம்பெனி விவகார அமைச்சகத்தில் பெறும் சிஎஸ்ஆர்-1 பதிவு எண்ணும், இதே மாதிரிப் பணியில் மூன்று ஆண்டு அனுபவமும் வேண்டும். (2026 ஏப்ரல் முதல் நடைமுறையாகும் 2025ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டத்தில் பிரிவு எண்களும் படிவ எண்களும் வேறு. புரபோசலில் எதைக் குறிப்பிடுவது என்று ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.)

சிஎஸ்ஆரில் பலரும் கவனிக்காமல் விடும் விதி ஒன்று உண்டு. உங்களுக்கு அனுப்பிய பணம் உரிய வகையில் செலவானது என்று அந்தக் கம்பெனியின் நிதித் தலைவர் சான்றளிக்க வேண்டும். உங்கள் கணக்கில் போட்டுவிட்டதால் மட்டும் அது செலவான பணம் ஆகிவிடாது. நீங்கள் பயன்பாட்டுச் சான்றிதழ் தராதவரை அவரால் கையெழுத்துப் போட முடியாது. மார்ச் மாத நெருக்கடிக்குக் காரணம் இதுதான்.

சூளைப் பருவம் ஜனவரியில் தொடங்கி ஜூனில் முடிகிறது. நிதியாண்டு மார்ச் 31இல் முடிகிறது. நடுவில் வெட்டுப்படும் திட்டம் இது. ஆகவே முதல் சந்திப்பிலேயே, இதை ஒரு நிதியாண்டைத் தாண்டியும் நடக்கும் "தொடர் திட்டமாக" அங்கீகரிக்கும்படி கம்பெனியிடம் கேளுங்கள். அப்படி அங்கீகரித்தால், செலவாகாத தொகையை நிதியாண்டு முடிந்த 30 நாட்களுக்குள் தனி வங்கிக் கணக்குக்கு மாற்றி, மூன்று நிதியாண்டுகளுக்குள் செலவிட அவர்களுக்குச் சட்டத்தில் இடம் இருக்கிறது. இதைக் கேட்காமல் விட்டால், ஏப்ரல், மே, ஜூன் மாதச் சம்பளத்தையும் மார்ச்சுக்குள் செலவானதாகக் காட்டச் சொல்லும் நெருக்கடி வரும். அதற்கு ஒருபோதும் உடன்படக்கூடாது.

வெளிநாட்டு நிதி என்றால் 2010ஆம் ஆண்டின் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம், நாம் எஃப்சிஆர்ஏ என்று சொல்வது. 2020 திருத்தத்துக்குப் பிறகு முதல் வரவு டில்லியில் உள்ள பாரத ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளைக் கணக்கில்தான் வர வேண்டும். வந்த பணத்தை வேறொரு அமைப்புக்குக் கைமாற்றித் தர முடியாது, அந்த அமைப்பும் எஃப்சிஆர்ஏ பதிவு பெற்றதாக இருந்தாலும். நிர்வாகச் செலவுக்கு 20 சதவீதம்தான் உச்ச வரம்பு. வருடாந்திரக் கணக்கை டிசம்பர் 31க்குள் எஃப்சி-4 படிவத்தில் தாக்கல் செய்ய வேண்டும். "நாங்கள் நிதி வாங்கி, கிராமத்துச் சிறு குழுக்களுக்குப் பிரித்துத் தருவோம்" என்று எழுதிய புரபோசல் 2020க்கு முன் பாராட்டுப் பெற்றிருக்கலாம். இன்று அது சட்டமீறலுக்கான திட்டம்.

வெளிநாட்டில் வாழும் தமிழர்கள் தரும் நன்கொடையில் குடியுரிமையைப் பாருங்கள். சிங்கப்பூரிலோ அமெரிக்காவிலோ வேலை பார்த்தாலும் இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் தன் சேமிப்பிலிருந்து தருவது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அந்நாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டவர் சென்னைக்கு வந்து ரூபாயாகவே தந்தாலும் அது வெளிநாட்டு நன்கொடைதான். ஓசிஐ அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு தருவது) வைத்திருப்பவர் தந்தாலும் அது வெளிநாட்டு நன்கொடைதான்.

இரண்டாம் படி: பிரச்சினையை எழுதுவது

பெரும்பாலான புரபோசல்கள் நாட்டின் மொத்தக் குழந்தைத் தொழிலாளர் எண்ணிக்கையில் தொடங்கும். நிதி தருபவர் அதே எண்ணை அன்று பத்துப் புரபோசல்களில் படித்திருப்பார். அவருக்குத் தெரியாதது உங்கள் நான்கு சூளைகளின் நிலவரம். அதிலிருந்து தொடங்குங்கள்.

முதலில் ஒரு கணக்கெடுப்பு நடத்துங்கள். சூளை சூளையாக, குடிசை குடிசையாகப் போய், 6 முதல் 14 வயதுக் குழந்தைகள் எத்தனை பேர், வீட்டில் என்ன மொழி பேசுகிறார்கள், சொந்த ஊரில் எந்த வகுப்பு வரை படித்தார்கள், கடைசியாக எப்போது பள்ளிக்குப் போனார்கள் என்று எழுதிக்கொள்ளுங்கள். பிரச்சினைப் பகுதியில் பாதி அதிலேயே தயார். எழுதும்போது இந்த மாதிரி இருக்கட்டும்:

"நான்கு சூளைகளிலும் 6 முதல் 14 வயதுக்குள் 120 குழந்தைகள் இருக்கிறார்கள். இரண்டு சூளைகளில் வீட்டு மொழி ஒடியா. மிக அருகிலுள்ள அரசுத் தொடக்கப்பள்ளி மூன்று கிலோமீட்டர் தள்ளி, லாரி போகும் சாலைக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. குழந்தைகள் ஜனவரியில் வந்து ஜூனில் கிளம்புவதால், சொந்த ஊர்ப் பள்ளியில் ஆண்டின் பிற்பகுதியையும் ஆண்டுத் தேர்வையும் தவறவிடுகிறார்கள்."

இதில் எந்த வாக்கியமும் கண்ணீரை வரவழைக்க முயலவில்லை. ஆனால் என்ன செய்ய வேண்டும் என்று படிப்பவருக்கே புரிந்துவிடும்.

அடுத்து, "இதை அரசு செய்ய வேண்டாமா?" என்ற கேள்வி கட்டாயம் வரும். அதற்குப் பதில் புரபோசலிலேயே இருக்கட்டும். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் பிரிவு 4, பள்ளியில் சேராத குழந்தையை வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்து, மற்றவர்களை எட்டிப்பிடிக்கச் சிறப்புப் பயிற்சி தரச் சொல்கிறது. மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதம் என்பதற்காகச் சேர்க்கையை மறுக்கக்கூடாது என்று பிரிவு 5 சொல்கிறது. 2022 செப்டம்பரில் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் அரசுத் தொடக்கப்பள்ளிகளில் நடக்கிறது, ஆனால் பள்ளியில் பெயர் இல்லாத குழந்தைக்கு அது கிடைக்காது. எனவே உங்கள் மையம் அரசுப் பள்ளிக்குப் போட்டி அல்ல, குழந்தை அந்தப் பள்ளிக்குப் போய்ச் சேரும்வரை நடக்கும் ஏற்பாடு என்று தெளிவாக எழுதுங்கள். தலைமையாசிரியரிடமும் வட்டாரக் கல்வி அலுவலரிடமும் பேசிய தேதியைக் குறிப்பிடுங்கள். பேசாமல் எழுதாதீர்கள். சரிபார்க்க ஒரு போன் போதும்.

மூன்றாம் படி: எண்ணக்கூடிய வாக்கு

நான் அதிக நேரம் செலவிடச் சொல்வது இந்தப் படியில்தான். லாக்ஃபிரேம் என்று ஒரு பெரிய அட்டவணையைப் பல வெளிநாட்டு அமைப்புகள் கேட்கும். அந்தப் பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டியதில்லை. என்ன செய்வோம், அதனால் கையில் என்ன கிடைக்கும், குழந்தைகளிடம் என்ன மாறும், அதை எதைப் பார்த்துச் சொல்வோம், எது நடந்தால் திட்டம் குலையும் என்ற ஐந்து கேள்விகளுக்கான பதில்தான் அது.

சூளைத் திட்டத்தில் சிக்கலான இடம், குழந்தைகள் நிலையாக இருக்க மாட்டார்கள் என்பது. "120 குழந்தைகளில் 90 சதவீதம் ஆண்டு முழுவதும் தொடர்வார்கள்" என்று எழுதினால், முன்பணம் கொடுத்து ஆட்களை அழைத்துவரும் மேஸ்திரி ஒரு குடும்பத்தை வேறு சூளைக்கு மாற்றிய அன்றே அந்த வாக்கு உடைந்துவிடும். அது உங்கள் கையில் இல்லாத விஷயம். உங்கள் கையில் இருப்பதை எழுதுங்கள். சூளையில் இருக்கும் நாட்களில் குழந்தை எத்தனை நாள் மையத்துக்கு வந்தது, 60 நாளுக்கு மேல் வந்த குழந்தைகளில் எத்தனை பேரின் வாசிப்பு ஒரு நிலையாவது உயர்ந்தது, சூளையை விட்டுக் கிளம்பிய குழந்தைகளில் எத்தனை பேர் கையில் வருகைச் சான்றும் மதிப்பீட்டுத் தாளும் கொடுத்தனுப்பினோம் என்ற மூன்று அளவுகோல் போதும். மூன்றையும் மையத்து ஆசிரியரே, வகுப்பைக் கெடுத்துக்கொள்ளாமல், தினப் பதிவேட்டிலிருந்து தந்துவிடலாம்.

வாசிப்பை அளக்க கிராமப்புறக் குழந்தைகளின் படிப்பை வீடு வீடாகப் போய்ச் சோதிக்கும் ஏசர் கணக்கெடுப்பில் 2005 முதல் பயன்பட்டுவரும் முறை எளிமையானது. எழுத்து, சொல், பத்தி, கதை என்று படிப்படியாகக் கொடுத்து, குழந்தை எதுவரை சரளமாக வாசிக்கிறது என்று ஒவ்வொருவரிடமும் தனியாகக் கேட்டுக் குறிப்பது. ஒரு குழந்தைக்குச் சில நிமிடம் போதும். ஒடியா பேசும் குழந்தைக்கு ஒடியாவில்தான் கேட்க வேண்டும். தமிழ்த் தாளைக் கொடுத்து "எதுவும் தெரியாது" என்று குறித்துவைத்தால் அது அந்தக் குழந்தைக்குச் செய்யும் அநீதி. அதோடு, கடைசியில் பொய்யான முன்னேற்றத்தையும் காட்டிவிடும்.

எத்தனை குழந்தைகளுக்கு வாக்குக் கொடுப்பது என்பதில் தாராளம் வேண்டாம். களத்தில் உள்ளவர்களிடம் கேட்டால் அவர்கள் சொல்லும் எண் அறங்காவலர் நினைப்பதைவிடக் குறைவாகத்தான் இருக்கும். அவர்கள் சொல்வதை எழுதுங்கள்.

நான்காம் படி: பட்ஜெட்

பட்ஜெட்டை முழுவதும் ஆடிட்டரிடம் விட்டுவிடாதீர்கள். திட்டம் உண்மையில் எப்படி நடக்கும் என்பதைக் புரபோசலின் விளக்கப் பகுதியைவிட பட்ஜெட்தான் துல்லியமாகக் காட்டும், அனுபவமுள்ள நிதி அலுவலர்கள் அதைத்தான் முதலில் திறப்பார்கள்.

நம் சூளைத் திட்டத்தின் கணக்கு இது. நான்கு ஆசிரியர்கள், மாதம் 12,000 ரூபாய் வீதம் எட்டு மாதம்: ரூ.3,84,000. ஆறு மாதப் பருவத்துக்கு எட்டு மாதச் சம்பளம் ஏன் என்று கேட்பார்கள். முன்னால் ஒரு மாதம் கணக்கெடுப்பும் பயிற்சியும், பின்னால் ஒரு மாதம் ஊர் திரும்பிய குழந்தைகளைப் பள்ளியில் சேர்த்தார்களா என்று போனில் விசாரிப்பதும் இருப்பதால் எட்டு. காரணத்தைப் பக்கத்திலேயே ஒரு வரியில் எழுதுங்கள். ஒருங்கிணைப்பாளரின் ஆண்டுச் சம்பளத்தில் பாதி ரூ.1,20,000. அவருடைய பயணச் செலவு ரூ.32,000. புத்தகம், சிலேட்டு, பாடப்பொருள், குழந்தைக்கு 600 வீதம் ரூ.72,000. கொட்டகை சீரமைப்பு, சூளைக்கு 15,000 வீதம் ரூ.60,000. ஆசிரியர்களின் போலீஸ் சரிபார்ப்பும் குழந்தைப் பாதுகாப்புப் பயிற்சியும் ரூ.15,000. மதிப்பீட்டுத் தாள் அச்சும் அது சார்ந்த செலவும் ரூ.10,000. அலுவலக வாடகை, கணக்கர், தணிக்கை ஆகியவற்றில் இந்தத் திட்டத்தின் பங்கு ரூ.60,000.

சிற்றுண்டியைத் தனியாகப் பாருங்கள். சுண்டலும் வாழைப்பழமும் ஒருவருக்கு 12 ரூபாய், 130 நாள். 120 பேரால் பெருக்கினால் ரூ.1,87,200 வரும். ஆனால் எல்லாக் குழந்தையும் எல்லா நாளும் வராது. 80 சதவீத வருகை என்று 96 பேருக்குக் கணக்குப் போட்டால் ரூ.1,49,760. இரண்டாவது எண்தான் சரி. பட்ஜெட் கூடிப்போனால் நல்லதுதானே என்று முதல் எண்ணைப் போட்டால், வருடக் கடைசியில் மிச்சத்தைச் செலவாகக் காட்ட யாரோ பில் தேட வேண்டிவரும்.

எல்லாம் கூட்டினால் ரூ.9,02,760, ஒரு குழந்தைக்கு 7,523 ரூபாய். இந்தக் கடைசி எண்ணை நீங்களே கணக்கிட்டு எழுதிவிடுங்கள், எப்படியும் அவர்கள் வகுத்துப் பார்ப்பார்கள். வேறொரு அமைப்பு 2,000 ரூபாயில் செய்கிறதே என்று கேட்டால், அது மாலையில் ஒரு மணி நேர வகுப்பு, இது முழுப் பகலும் பாதுகாப்பான இடம் தருவது என்று வேறுபாட்டைச் சொல்லலாம்.

அலுவலகச் செலவை மறைக்க வேண்டாம். வாடகையையும் தணிக்கைக் கட்டணத்தையும் "பயிற்சிச் செலவு" என்ற தலைப்புக்குள் நுழைத்துவைப்பதைப் பல இடங்களில் பார்க்கிறேன். சிஎஸ்ஆர் விதியில் 5 சதவீத நிர்வாக வரம்பு என்று வருவது, கம்பெனி தன் சிஎஸ்ஆர் வேலையை மேலாண்மை செய்ய ஆகும் சொந்தச் செலவுக்கானது. உங்கள் பட்ஜெட்டுக்கு அந்த வரம்பு அப்படியே பொருந்தாது என்று மரியாதையாக எடுத்துச் சொல்லலாம். எஃப்சிஆர்ஏ விதிகளிலும், பள்ளி ஆசிரியர் சம்பளம் போல நேரடியாகச் சேவைக்கு ஆகும் செலவு நிர்வாகச் செலவில் சேராது. கணக்கு வைக்கிற ஆளுக்குச் சம்பளம் இல்லாத திட்டத்தில் கணக்கும் இருக்காது. இதை நேருக்கு நேர் சொன்னால் பெரும்பாலான நன்கொடையாளர்கள் ஏற்றுக்கொள்கிறார்கள்.

ஐந்தாம் படி: குழந்தைப் பாதுகாப்பு

புரபோசலில் இதற்குத் தனிப் பகுதி வேண்டும், நன்கொடையாளர் கேட்காவிட்டாலும். ஆசிரியர்களை எப்படித் தேர்ந்தெடுக்கிறீர்கள், தனியாக ஒரு குழந்தையோடு யாரும் இருக்கக்கூடாது என்ற விதி உண்டா, புகார் வந்தால் யாரிடம் போகும் என்று எழுதுங்கள். ஒரு குழந்தைக்குத் தீங்கு நடந்ததாகத் தெரிந்தால் 1098 என்ற குழந்தைகள் உதவி எண், மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு, குழந்தைகள் நலக் குழு என்று உடனே போக வேண்டும். பாலியல் குற்றம் என்றால் போக்சோ சட்டப்படி காவல்துறைக்குத் தெரிவிப்பது கட்டாயம். முன்பணத்தைக் காட்டி ஒரு குடும்பத்தை வெளியே விடாமல் வைத்திருப்பது தெரிந்தால், அது 1976ஆம் ஆண்டின் கொத்தடிமைத் தொழிலாளர் ஒழிப்புச் சட்டத்தின் கீழ் வருவாய்க் கோட்டாட்சியரிடமும் மாவட்ட ஆட்சியரிடமும் போக வேண்டிய விஷயம். காலாண்டு ரிப்போர்ட் வரும்வரை எந்தச் சம்பவமும் காத்திருக்கக்கூடாது. சூளை முதலாளி மையத்தை மூடச் சொல்வாரோ என்ற பயம் நியாயமானது. ஆனாலும் குழந்தையின் பாதுகாப்புக்குத்தான் முதலிடம் என்று புரபோசலிலேயே எழுதிவிட்டால், அந்த நாளில் தயக்கம் இருக்காது.

அனுப்புவது

சூளைப் பருவம் ஜனவரியில் தொடங்குகிறது என்றால் ஆகஸ்டிலேயே பேச்சைத் தொடங்குங்கள். முதலில் இரண்டு பக்கக் குறிப்பு, விருப்பம் தெரிவித்தால் முழுப் புரபோசல். முதல் பக்கத்தில் யார், எங்கே, எத்தனை குழந்தைகள், எவ்வளவு தொகை, எந்த மாதங்கள் என்ற ஐந்தும் இருக்கட்டும். ஆங்கிலத்தில் அனுப்ப வேண்டியிருந்தாலும் முதல் வரைவைத் தமிழில் எழுதி ஆசிரியர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள். "இது நடக்காதுங்க" என்று அவர்கள் சொல்லும் இடங்கள்தான் நீங்கள் திருத்த வேண்டிய இடங்கள். மறுத்துப் பதில் வந்தால் காரணம் கேட்டு ஒரு சிறு கடிதம் போடுங்கள். பலர் பதில் தருவதில்லை. தருபவர்களின் பதில் அடுத்த முறை பெரிதும் உதவும்.

நிதி வந்தபின்: பதிவேடு

ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுமுன் ரிப்போர்ட் தேதிகள், பட்ஜெட்டில் ஒரு தலைப்பின் பணத்தை இன்னொரு தலைப்புக்கு மாற்ற எவ்வளவு அனுமதி, மீதித் தொகையைத் திருப்பித் தர வேண்டுமா என்ற மூன்றையும் படியுங்கள். மையங்களில் வருகைப் பதிவேடு, சேர்க்கைப் பதிவேடு, மதிப்பீட்டுத் தாள், சம்பவப் பதிவேடு என்று நான்கு இருந்தால் போதும். அதற்கு மேல் போனால் ஆசிரியர் எழுத்தர் ஆகிவிடுவார்.

வவுச்சர்களில், எந்தத் திட்டம், எந்தத் தலைப்பு என்று அன்றன்றே எழுதிவைக்க வேண்டும். ஒரே பில்லை இரண்டு நன்கொடையாளர் கணக்கில் காட்டுவது பல நேரங்களில் கெட்ட எண்ணத்தால் நடப்பதல்ல, பில்லில் திட்டப் பெயர் எழுதாததால் நடப்பது. விளைவு என்னவோ இரண்டுக்கும் ஒன்றுதான், நிறுவனத்தின் பெயர் கெடும். பில்லின் மேலேயே திட்ட முத்திரை குத்திவிடுங்கள். சூளைப் பக்கத்துப் பெட்டிக்கடையில் வாழைப்பழத்துக்கு அச்சடித்த பில் கிடைக்காது. தேதி, அளவு, தொகை, கடைக்காரர் கையெழுத்து, ஆசிரியர் கையெழுத்து உள்ள கைரசீது போதுமா என்று ஆடிட்டரிடம் முதல் மாதமே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

நடவடிக்கை ரிப்போர்ட் எழுதுவது

முன்பே வரைந்த வெற்று அட்டவணையை எடுத்து நிரப்புங்கள். வாக்கு, நடந்தது, வித்தியாசம், காரணம் என்று நான்கு நெடுவரிசைகள். மற்றதெல்லாம் அதற்கு விளக்கம்.

எண்களை ஒப்பிடுவதில் ஒரு பொறி இருக்கிறது. தொடக்க மதிப்பீட்டில் 120 குழந்தைகள், இறுதி மதிப்பீட்டில் 93 பேர் என்று வையுங்கள். தொடக்கத்தில் 120 பேரில் 22 பேர் பத்தி வாசித்தார்கள், முடிவில் 93 பேரில் 41 பேர் வாசித்தார்கள் என்று எழுதி, 18 சதவீதம் 44 ஆக உயர்ந்தது என்று காட்டுவது தவறு. நடுவில் போன 27 பேர் வாசிக்கத் தெரியாதவர்களாக இருந்திருந்தால், யாருமே ஒன்றும் கற்காமலேகூட சதவீதம் உயரும். கடைசிவரை இருந்த அதே 93 பேரைத் தொடக்கத் தாளில் தேடிப் பாருங்கள். அவர்களில் அப்போது 15 பேர் பத்தி வாசித்தார்கள், இப்போது 41 பேர் என்று எழுதுங்கள். கூடவே, 27 பேரில் 16 பேர் வேறு சூளைக்கும் 11 பேர் சொந்த ஊருக்கும் போனார்கள், அவர்களுக்கு இறுதி மதிப்பீடு இல்லை என்ற வரியும் வேண்டும். இந்த ஒரு வரியைப் படித்ததும் நிதி அலுவலருக்கு மற்ற எண்கள் மேலும் நம்பிக்கை வரும்.

என்னென்ன கூட்டம் நடத்தினோம், யார் குத்துவிளக்கேற்றினார்கள் என்பதைப் பின்னிணைப்பில் போடுங்கள். ரிப்போர்ட்டின் முதல் பக்கத்தில் குழந்தைகள்தான் இருக்க வேண்டும்.

நிதி ரிப்போர்ட்

பட்ஜெட்டில் எந்த வரிசையில், எந்தத் தலைப்பில் எழுதினீர்களோ அதே வரிசை, அதே தலைப்பு. மாற்றவே கூடாது. 10 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் வந்த ஒவ்வொரு வரிக்கும் காரணம் எழுதுங்கள்.

சிற்றுண்டி வரியையே எடுத்துக்கொள்வோம். மழை ஜனவரி வரை நீண்டதால் சூளை மூன்று வாரம் தாமதமாகத் தொடங்கியது. மையம் நடந்தது 112 நாள், சராசரி வருகை 88 பேர். செலவு ரூ.1,18,272, மீதி ரூ.31,488. காரணத்தில் "எதிர்பாராத சூழ்நிலை" என்று எழுதாதீர்கள். மழை, மூன்று வாரம், 112 நாள் என்று எழுதுங்கள். வருகைப் பதிவேட்டோடு அந்தக் கணக்கு ஒத்துப்போகும்.

மீதி வரும் என்று பிப்ரவரியிலேயே தெரிந்துவிடும். அப்போதே கடிதம் எழுதி, அந்தத் தொகையை, எடுத்துக்காட்டாக, ஒடியா வாசிப்புப் புத்தகங்களுக்கு மாற்றிக்கொள்ள அனுமதி கேளுங்கள். எழுத்தில் அனுமதி வந்த பிறகே செலவிடுங்கள். செலவிட்டுவிட்டுப் பிறகு கேட்பது அனுமதி ஆகாது. அனுமதி வராவிட்டால் மீதியை மீதியாகவே காட்டுங்கள்.

கதையும் படமும்

எல்லா நன்கொடையாளர்களும் ஒரு குழந்தையின் கதையைக் கேட்பார்கள். அந்த ஆசையில் தவறில்லை, தாங்கள் தந்த பணம் ஒரு முகமாக மாறியதைப் பார்க்க விரும்புகிறார்கள். ஆனால் அந்த முகத்தின் உரிமையாளர் குழந்தை.

2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் பிரிவு 74, பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தையைப் பற்றிய விசாரணை எதிலும் பெயர், முகவரி, பள்ளி உட்பட அடையாளம் காட்டும் எதையும் வெளியிடத் தடை விதிக்கிறது. மீறினால் ஆறு மாதம் வரை சிறை, இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். சட்டவிரோதமாக வேலையில் அமர்த்தப்பட்ட குழந்தையும் அந்த வகையில் சேரும். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்திலும் 18 வயதுக்குட்பட்டவரின் தரவைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் வேண்டும் என்ற விதி இருக்கிறது.

பெயரை மாற்றிவிட்டோம் என்பது போதாது. சூளையின் பெயர், வயது, அண்ணன் தம்பி எண்ணிக்கை, அப்பாவின் கடன் தொகை எல்லாம் சேர்ந்தால் மேஸ்திரிக்கு அது யார் வீட்டுப் பிள்ளை என்று உடனே தெரிந்துவிடும். அந்தக் குடும்பம் அடுத்த ஆண்டும் அவரிடம்தான் முன்பணம் வாங்கப்போகிறது. மாவட்டப் பெயருக்குக் கீழே போகாதீர்கள், வயதைத் தோராயமாகச் சொல்லுங்கள், படத்தில் இடக்குறிப்பை நீக்கிவிட்டு அனுப்புங்கள். முகம் தெரியாமல், பலகையில் எழுதும் கையையோ திறந்த புத்தகத்தையோ எடுத்த படம் போதும்.

ஒப்புதல் வாங்கும்போது பெற்றோரின் மொழியில் பேசுங்கள். "இந்தப் படம் சென்னையில் ஒரு கம்பெனி ஆபீசுக்குப் போகும். வேண்டாம்னு சொன்னாலும் புள்ள மையத்துக்கு எப்பவும் போல வரலாம்" என்று சொல்ல வேண்டும். இரண்டாவது வாக்கியத்தைச் சொல்லாமல் வாங்கும் கைரேகைக்கு மதிப்பில்லை. குழந்தையிடமும் கேளுங்கள்.

கதையை எழுதும்போது "இருளில் கிடந்த சிறுமியின் வாழ்வில் ஒளியேற்றினோம்" என்ற நடையை அறவே விடுங்கள். அந்தச் சிறுமிக்கு நீங்கள் வருமுன்பும் ஒரு வாழ்க்கை இருந்தது. ஏதோ தெரிந்திருந்தது, யாரோ அவளைப் பார்த்துக்கொண்டார்கள். "மூன்றாம் வகுப்பு வரை சொந்த ஊரில் படித்தவள். ஜனவரியில் எழுத்துக்களை மட்டும் அடையாளம் கண்டாள். தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டே வருவாள் என்பதால் மையத்தில் சின்னக் குழந்தைகளுக்கும் பாய் போட்டோம். ஜூனில் பத்தி வாசித்தாள்." இந்த அளவு போதும். பாய் போட்ட செய்தியில் திட்டம் எப்படிக் கற்றுக்கொண்டது என்பதும் வந்துவிடுகிறது.

கெட்ட செய்தி

ஒரு சூளையில் மையத்தை மூட நேர்ந்தது, ஒரு ஆசிரியர் நடுவில் விலகினார், வாசிப்பு எதிர்பார்த்த அளவு உயரவில்லை என்பதெல்லாம் ரிப்போர்ட் தேதிவரை பெட்டிக்குள் இருக்கக்கூடாது. தெரிந்த வாரமே போனில் சொல்லி, மறுநாள் கடிதமாக அனுப்புங்கள். என்ன நடந்தது, எத்தனை குழந்தைகளைப் பாதித்தது, இப்போது அந்தக் குழந்தைகள் எங்கே, அடுத்து என்ன செய்கிறோம், உங்களிடமிருந்து என்ன முடிவு வேண்டும் என்ற வரிசையில் எழுதுங்கள். நன்கொடையாளரும் தன் மேலதிகாரிக்குப் பதில் சொல்ல வேண்டியவர். மூன்று மாதம் முன்பே தெரிந்திருந்தால் அவர் உங்களுக்காக வாதாடியிருப்பார், தேதியை நீட்டித்தும் தந்திருக்கலாம்.

இறுதி ரிப்போர்ட் அனுப்பும் வாரத்தில் இன்னொரு வேலையும் முடிந்திருக்க வேண்டும். ஒவ்வொரு குழந்தையின் வருகைச் சான்றும் மதிப்பீட்டுத் தாளும், சொந்த ஊர்ப் பள்ளித் தலைமையாசிரியருக்கு அவர்கள் மொழியில் ஒரு கடிதமும் குடும்பத்தின் கையில் இருக்க வேண்டும். சூளையில் கடைசிக் கணக்குத் தீர்த்ததும் குடும்பங்கள் ஒரே இரவில் லாரி ஏறிவிடும். ஆகவே மே மாத இறுதியிலேயே தாள்களைத் தயாராக வைத்து, வாங்கிக்கொண்டவர்களின் கையெழுத்தைப் பதிவேட்டில் பெறுங்கள். மூன்றாவது அளவுகோலை அந்தப் பதிவேட்டைப் பார்த்துத்தான் நிரப்பப்போகிறீர்கள்.